உடல் மெலிய ஒரு மூலிகை

வறண்ட மலைச்சரிவுகளில், பச்சைக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி நட்டு வைத்தாற்போல் வளரும் செடி ஒன்று உண்டு. இலை என்று சொல்லத்தக்கது அதில் ஏதும் இல்லை. கணுவுக்குக் கணு சிறு செதில்களே காணப்படும். சீன வைத்தியர் அதனை 'மா ஹுவாங்' என்பர். தாவர நூலார் 'எபெட்ரா' என்பர். நம் நாட்டில் லாஹூல், ஸ்பிட்டி, லடாக் முதலிய மழை குன்றிய இமயப் பகுதிகளில் அதன் இனங்கள் சில வளர்கின்றன. வேதங்கள் போற்றும் சோமச் செடி இதுவே என்று வாதிடும் அறிஞரும் உளர். அவ்வாதம் இன்னும் தீரவில்லை. நாம் அதனுள் புக வேண்டுவதில்லை. சீனத்தில் இருமலுக்கும் இரைப்புக்கும் சில நாள் அளவில் கஷாயமாக வழங்கிய இச்செடி, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் கடைகளில் உடலை மெலிவிக்கும் 'உணவாக' விற்கப்பட்டது. பலர் உயிரிழந்த பின்னரே, 2004-ஆம் ஆண்டில் அவ்விற்பனை தடுக்கப்பட்டது. மருந்தாக இருந்தது எவ்வாறு உணவாயிற்று என்பதே நாம் இங்குக் காணப் புகும் வரலாறு.

இச்செடியின் சாரத்தை 1885-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் ஜப்பானிய இரசாயன அறிஞர் நாகாய் நாகயோஷி. அதற்கு எபெட்ரின் என்று பெயர் வந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் மேனாட்டு மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1920களின் நடுவில் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சென், ஷ்மித் என்னும் இருவர் அதனை மீண்டும் ஆராய்ந்தனர். அந்நாளில் இரைப்பு நோய்க்கு உடனே பயன் தந்த மருந்து அட்ரினலின். அதனை ஊசி மூலமே செலுத்த வேண்டும். அதன் செயலும் சிறிது நேரமே நிற்கும். எபெட்ரினோ வாய்வழி உட்கொள்ளத்தக்கது. மணிக்கணக்கில் நின்று பயன் தருவது. மூச்சுத் திணறி இரவெல்லாம் உட்கார்ந்தே கழித்த நோயாளர்க்கு இது எத்துணைப் பெரிய பேறாக இருந்திருக்கும் என்பதை நாம் மறத்தல் ஆகாது. அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா நம் நாட்டு எபெட்ரா இனங்களை ஆராய்ந்தார். இதே சோப்ராதான் 1930-31-இல் அரசாங்கம் அமைத்த மருந்து விசாரணைக் குழுவின் தலைவராகவும் இருந்தார். அன்றைய இந்தியச் சந்தையில் கலப்படமும் தரமற்றதுமான மருந்துகள் மலிந்திருந்தன. அதுபற்றி அக்குழு கொடுத்த அறிக்கையின் வழியே 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் பிறந்தது. ஒரு செடியின் குணத்தை அறிந்தவரே, அதனை விற்கும் முறையைப் பற்றியும் கவலைப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

எபெட்ரின் உடலில் செய்வது யாது? நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள நார்அட்ரினலின் என்னும் பொருளை அது வெளிவரச் செய்கிறது. பாம்பைக் கண்டு திடுக்கிட்ட ஒருவனுடைய உடல் என்ன செய்யுமோ, அதனைப் பாம்பின்றியே செய்விக்கிறது என்று கொள்ளலாம். இதயம் விரைந்து துடிக்கும், இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், மூச்சுக்குழல் விரியும். பசி தோன்றாது, உறக்கம் வாராது, உடலில் வெப்பம் மிகுதியாக உண்டாகும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அவ்வெப்பம் வெளியேறுவதும் தடைப்படும். காப்பியில் உள்ள கஃபீனையும் உடன் சேர்த்தால் இவை அனைத்தும் மேலும் வலுப்பெறும். உடல் மெலிவதற்குக் காரணமான செயலும், உயிருக்கு ஆபத்தான செயலும் இங்கு வெவ்வேறு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பல மருந்துகளில் நன்மை ஒரு பக்கமும் தீமை மற்றொரு பக்கமும் நிற்கும். இதிலோ இரண்டும் ஒரே கயிற்றின் புரிகள்.

உடலை மெலிவிக்க இரசாயனத்தை நாடும் வழக்கம் எபெட்ராவுக்கு முந்தியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்டின் தைராய்டுச் சுரப்பியின் சாரத்தை இதற்காகக் கொடுத்தனர். முதல் உலகப்போரின்போது பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் பொருளைக் கையாண்ட தொழிலாளர் கடுங்காய்ச்சலும் வியர்வையும் கண்டு மெலிந்தனர், சிலர் மாண்டனர். அதே பொருளை 1933-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் உடற்பருமனுக்கு மருந்தாக அறிமுகம் செய்தனர். மருந்துச் சீட்டின்றியே அது கடைகளில் விலைபோயிற்று. இரண்டே ஆண்டுகளில் இளம் பெண்களின் கண்களில் புரை விழத் தொடங்கியது. தடுக்கச் சட்டம் இல்லை. அதற்கிடையே, 1937-இல், சல்பா மருந்தை நச்சுக் கரைப்பானில் கலந்து விற்ற ஒரு பாகினால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். அத்துயரமே 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொணர்ந்தது. புதிய மருந்து எதுவாயினும், அது தீங்கற்றது என்பதை விற்பனைக்கு முன்னரே செய்வோன் காட்ட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. காட்ட வேண்டிய பொறுப்பு விற்போனுடையது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். பின்னால் வருவது முழுவதும் இதனைப் பற்றியே நிற்கிறது.

எபெட்ரினுக்கு மாற்றாக ஒன்றைச் செயற்கையில் ஆக்க முயன்ற கார்டன் ஆலஸ் என்பவர் 1929-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஆம்பெட்டமினின் குணத்தைக் கண்டார். அப்பொருளை 1887-இலேயே ருமேனிய இரசாயனர் எடெலியானு ஆக்கியிருந்தார். அதன் பயன் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆம்பெட்டமின் மனத்தைக் கிளர்த்துவதோடு பசியையும் அடக்கியது. உலகப்போரில் இருதரப்புப் படையினர்க்கும் அது வழங்கப்பட்டது; போருக்குப் பின் அமெரிக்க இல்லங்களில் மெலிவு மாத்திரையாக நுழைந்தது. 1960களில் அந்நாட்டில் சில மருத்துவர் உடற்பருமன் ஒன்றையே தொழிலாகக் கொண்டு, பல நிற மாத்திரைகளைத் தம் கையாலேயே விற்றனர். வானவில் மாத்திரைகள் என்று அவற்றுக்குப் பெயர். ஆம்பெட்டமின், தைராய்டு, சிறுநீர் பெருக்கி, இதய மருந்தாகிய டிஜிட்டாலிஸ், இவற்றால் கெடும் உறக்கத்தைத் திரும்பக் கொணர ஓர் உறக்க மருந்து என ஒரு கையில் அடங்கிய மருந்துக் கடை அது. 1968-இல் 'லைஃப்' இதழின் பெண் நிருபர் ஒருவர், பருமன் சிறிதும் இல்லாதவர், பத்து மருத்துவர்களிடம் சென்று 1,479 மாத்திரைகளைப் பெற்றுத் திரும்பினார். அவ்வாண்டே செனட் சபை விசாரணை நடத்தியது. 1971-இல் ஆம்பெட்டமின் கடுங்கட்டுப்பாட்டுக்குரிய மருந்துகளின் வரிசையில் வைக்கப்பட்டது.

ஐரோப்பாவில் அதே காலத்தில் அமினோரெக்ஸ் என்னும் பசியடக்கி 1965-இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி நாடுகளில் விற்பனைக்கு வந்தது. நுரையீரலுக்குச் செல்லும் குழாய்களில் இரத்த அழுத்தம் ஏறும் கொடிய நோய், அரிதாகவே காணப்படுவது, அந்நாட்டு மருத்துவமனைகளில் பன்மடங்காகப் பெருகியது. எண்ணிப் பார்த்தனர், மருந்தை 1968-இல் நிறுத்தினர்.

எண்ணிப் பார்த்தல் என்றோம். அதற்கு டென்மார்க் நாடு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஹாம்லெட் நாடகத்தால் பெயர்பெற்ற எல்சினோர் நகரில், 1970களின் தொடக்கத்தில் ஒரு மருத்துவர், இரைப்பு நோய்க்கு எபெட்ரின், கஃபீன், பீனோபார்பிடால் கலந்த மாத்திரையை உண்டவர் மெலிவதைக் கண்டார். 'எல்சினோர் மாத்திரை' நாடெங்கும் பரவியது. தோலில் கடுமையான தடிப்புகள் தோன்றவே 1977-இல் அரசு எச்சரித்தது. பின்னர் பீனோபார்பிடாலை நீக்கி, 20 மில்லிகிராம் எபெட்ரினும் 200 மில்லிகிராம் கஃபீனும் கொண்ட மருந்து 1990 முதல் 2002 வரை மருத்துவர் சீட்டின்மேல் விற்கப்பட்டது. ஒவ்வொரு சீட்டும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. 2002-இல் அது கைவிடப்பட்ட பின், அப்பதிவேட்டைக் கொண்டு இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவரின் நிலையை ஆராய்ந்த அறிஞர்கள், மாரடைப்பும் பக்கவாதமும் அவர்களிடையே மிகுந்ததாகக் காணவில்லை என்று 2008-இல் எழுதினர்.

இதனை நாம் மறைத்துவிட்டு எபெட்ரினை மட்டும் பழித்தல் நேர்மையாகாது. ஆனால் அம்மருந்தை உண்டவர் எத்தகையவர் என்பதையும் நோக்க வேண்டும். இதய நோயும் உயர் அழுத்தமும் உடையவரை மருத்துவர் விலக்கியிருப்பர். மாத்திரையில் எழுதிய அளவே உள்ளே இருந்தது. உண்டவர் யார், எத்தனை நாள் உண்டார் என்பது பதிவில் இருந்தது. அதே கலவை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், இம்மூன்று காவலும் இன்றி விற்கப்பட்டபோது நிகழ்ந்ததே வேறு.

அமெரிக்காவில் எபெட்ரினும் கஃபீனும் கலந்த மருந்துக் கலவைகளைச் சீட்டின்றி விற்பதை உணவு மருந்து நிர்வாகம் 1980களின் தொடக்கத்திலேயே தடுத்திருந்தது. 1994 அக்டோபரில் உணவுத் துணைப்பொருள் சட்டம் நிறைவேறியது. மூலிகை, வைட்டமின் முதலியவற்றை உண்ணும் மக்கள் உரிமையில் அரசாங்கம் தலையிடுகிறது என்று எழுந்த பெருங்கிளர்ச்சியின் விளைவு அது. கிளர்ச்சியில் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஒரு வைட்டமின் குளிகைக்குப் புதுமருந்துக்குரிய சோதனைகள் அனைத்தையும் கேட்பது மிகையே. ஆயினும் அச்சட்டம் 1938-இன் விதியைத் தலைகீழாக்கியது. மூலிகையிலிருந்து வந்த பொருளாயின் அது உணவு. விற்குமுன் தீங்கின்மையைக் காட்ட வேண்டுவதில்லை. தீங்குண்டு என்பதை விற்ற பின் அரசாங்கமே மெய்ப்பிக்க வேண்டும். வாங்கியவர் நோயுற்றதாக முறையிட்டால், அதனை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் கடமையும் விற்போனுக்கு இல்லை. ஆலையில் ஆக்கிய எபெட்ரின் மருந்து. அதே எபெட்ரின் செடியின் குச்சியிலிருந்து வந்தால் உணவு! மா ஹுவாங்கும், கஃபீன் மிக்க குவாரானா விதையும் சேர்ந்த குளிகைகள் பெட்ரோல் நிலையங்களிலும் விற்பனைக்கு வந்தன. தடுக்கப்பட்ட கலவை வேறு சட்டை அணிந்து திரும்பிவிட்டது.

அளவும் நம்பத்தக்கதாய் இல்லை. இருபது எபெட்ராப் பொருள்களை ஆர்க்கன்சா மாநிலத்து ஆய்வாளர்கள் சோதித்து 2000-இல் வெளியிட்ட முடிவில், பாதியளவு பொருள்களில் சீட்டில் எழுதிய அளவுக்கும் உள்ளிருந்த அளவுக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தது. 1997-இல் உணவு மருந்து நிர்வாகம், ஒரு வேளைக்கு 8 மில்லிகிராமுக்கு மேற்படாதிருக்க விதி செய்ய முனைந்தது. ஆதாரம் போதாது என்ற எதிர்ப்பினால் 2000-இல் அதன் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. ஆதாரம் எங்கிருந்தது? விற்போரிடம் இருந்தது. சந்தையில் முன்னணியில் நின்ற மெட்டபோலைஃப் நிறுவனம், தன் பொருளால் எவர்க்கும் தீங்கு நேர்ந்ததாக முறையீடு வந்ததில்லை என்று 1990களின் இறுதியில் அரசாங்கத்துக்கு எழுதியிருந்தது. 2002-இல் வழக்கு மன்றமும் விசாரணையும் நெருக்கவே ஆயிரக்கணக்கான தொலைபேசிக் குறிப்புகள் வெளிவந்தன. காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் எண்ணியபோது அவை 14,684. அவற்றுள் மாரடைப்பு 18, பக்கவாதம் 26, வலிப்பு 43, மரணம் 5. அந்நிறுவனத்தை நிறுவியவர் பொய்யுரைத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 2008-இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

இக்குறிப்புகள் ஒவ்வொன்றும் எபெட்ராவினால்தான் நேர்ந்தது என்று துணிய முடியாது என்பது மெய்யே. ஓர் அழைப்பை எழுதிக்கொண்டவர் மருத்துவர் அல்லர். அழைத்தவரின் முன்நோய் என்ன என்று கேட்டவரும் இல்லை. கேட்கும் ஏற்பாடு இருந்திருந்தால் ஐயம் குறைந்திருக்கும். இயன்ற அளவு ஆராய்ந்தவர் ஹாலர், பெனோவிட்ஸ் என்னும் சான்பிரான்சிஸ்கோ அறிஞர் இருவர். அரசாங்கத்துக்கு வந்த 140 முறையீடுகளை அவர்கள் ஒன்றொன்றாகப் படித்து, 31 விழுக்காடு உறுதியாகவோ பெரும்பாலுமோ எபெட்ராவின் விளைவே என்றும், மேலும் 31 விழுக்காடு அவ்வாறு இருக்கலாம் என்றும் 2000 டிசம்பரில் எழுதினர். இவ்விரு தொகுதியிலும் சேர்ந்து பத்து மரணங்கள் இருந்தன.

2003 பிப்ரவரியில் பிளாரிடா மாநிலத்தில் பேஸ்பால் பயிற்சி முகாமில் பால்டிமோர் அணியின் ஸ்டீவ் பெக்லர் என்னும் 23 வயது வீரர் மயங்கி வீழ்ந்தார். அவர் உடற்சூடு பாரன்ஹீட் அளவில் 108-ஐ எட்டியது, மறுநாள் இறந்தார். பருமனைக் குறைக்க எபெட்ராக் குளிகை உண்டு வந்தவர் அவர். பருமன், உயர் அழுத்தம், பழகாத வெப்பம் ஆகியவற்றோடு எபெட்ராவும் மரணத்துக்குத் துணை நின்றது என்று மாவட்ட மரண விசாரணை மருத்துவர் கூறினார். வெப்பம் வெளியேறத் தடையுண்டாகும் என்று மேலே சொன்னோம். அஃது ஓர் இளைஞனிடத்தில் எவ்வாறு முடியும் என்பதை நாடே கண்டது. அம்மாதமே ராண்ட் ஆய்வு நிலையத்தின் அறிக்கையும் வெளிவந்தது. எபெட்ரா உண்டவர் வெற்று மாத்திரை உண்டவரைவிட மாதம் ஒன்றுக்கு மிகுதியாக இழந்த எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. படபடப்பு, மனக்கலக்கம், வாந்தி முதலியன இரண்டு முதல் மூன்றரை மடங்கு மிகுந்தன. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயனைக் காட்டும் சோதனை ஒன்றும் இல்லை. அமெரிக்க மூலிகை விற்பனையில் நூற்றில் ஒரு பங்குகூட எபெட்ரா இல்லை. மூலிகைகளால் நேர்ந்ததாக நச்சு நிலையங்களுக்கு வந்த முறையீடுகளில் 64 விழுக்காடு அதனைப் பற்றியதே என்று வேறோர் ஆய்வு அவ்வாண்டிலேயே காட்டியது.

இல்லினாய் மாநிலம் 2003 மே மாதத்தில் முதன்முதலாகத் தடை விதித்தது. 2004 ஏப்ரல் 12 முதல் நாடு முழுவதும் தடை நடைமுறைக்கு வந்தது. யூட்டா நீதிமன்றம் ஒன்று, 10 மில்லிகிராமுக்குட்பட்ட அளவுக்குத் தடை செல்லாது என 2005-இல் தீர்ப்பளிக்க, மேல் நீதிமன்றம் 2006-இல் அதனை மாற்றித் தடையை நிலைநாட்டியது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு பொருளை அகற்றப் பத்தாண்டு ஆயிற்று. சீன வைத்திய முறைப்படி மா ஹுவாங் கொடுப்பதைத் தடை தொடவில்லை. அதுவே சரி என்பது நம் கருத்து. கஷாயம் கொடுக்கும் வைத்தியர் நோயாளியின் நாடியைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்.

குளிகைகள் மறையவில்லை, உள்ளீடு மாறியது. கைப்பு நாரத்தையிலிருந்து வரும் சினெப்ரின் எபெட்ரினின் இடத்துக்கு வந்தது. நம் ஆயுர்வேதத்தில் 'பலா' எனப்படும் செடியிலும் - முக்கனியுள் ஒன்றான பலா அன்று, இது சிறு பூண்டு - சிறிதளவு எபெட்ரின் உண்டாதலால் அதன் பெயரும் அமெரிக்கச் சீட்டுகளில் காணப்பட்டது. 1940களில் மூக்கடைப்புக்கு உறிஞ்சு மருந்தாக இருந்து 1983-இல் கைவிடப்பட்ட ஒரு கிளர்ச்சிப் பொருள், 2006-இல் ஜெரேனியம் செடியின் சாரம் என்ற பெயரில் உயிர்த்தெழுந்தது. அதனை உண்டு வந்த படைவீரர் இருவர் இறந்ததை அடுத்து 2011 டிசம்பரில் அமெரிக்கப் படைத்தளக் கடைகள் அதனை விலக்கின. 2012-இல் உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

கேடு மிகுந்தவை, சீட்டில் எழுதப்படாதவையே. சிபுட்ரமின் என்னும் பசியடக்கி, இதய நோயாளரிடையே மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவித்தமையால் 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. நம் அரசாங்கம் 2011 பிப்ரவரியில் அதனைத் தடை செய்தது. ஆனால் 2007 முதல் 2016 வரை அமெரிக்க அரசாங்கம் கண்டுபிடித்த கலப்பட மெலிவுப் பொருள்கள் 317-இல் 269-ல் சிபுட்ரமின் ஒளிந்திருந்தது. மேலே 'இயற்கை மூலிகை' என்ற எழுத்து. உள்ளே கைவிடப்பட்ட மருந்து. கடுமையான தீங்கு பற்றிய முறையீட்டை விற்போர் 15 வேலை நாள்களுக்குள் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2006-இல் ஒரு சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது உண்மையே. ஒளித்து விற்போன் அதனை அனுப்புவான் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்தியாவில் இத்தகைய துணைப்பொருள்கள் இன்று உணவுப் பாதுகாப்பு அதிகாரத்தின் பொறுப்பில் உள்ளன. 2016-இல் அது வெளியிட்ட விதிகள் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. ஹார்மோன், ஸ்டீராய்டு, மனத்தைப் பாதிக்கும் பொருள் ஆகியவற்றை இவற்றில் சேர்ப்பதை அவை விலக்கின. உயர் அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகை உடையவரும், கருவுற்றவரும், வெயிலில் கடும் பயிற்சி செய்வோரும் மெலிவுக் குளிகை எதனையும் தொடும் முன் மருத்துவரிடம் அதன் டப்பாவையே எடுத்துச் சென்று காட்டுவது நலம். உண்ட பின் நெஞ்சு படபடத்தாலோ, கடுந்தலைவலி கண்டாலோ, கை கால் மரத்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அப்போதும் டப்பா கையோடு இருக்கட்டும். அதில் எழுதியிருப்பது மட்டுமே உள்ளே இருக்கும் என்று கொள்வதற்கில்லை.